மெர்ல் ஓஸ்ட்பியின் காதும் டாலஃப்சன் பெட்டியும்

மெர்ல் ஓஸ்ட்பியின் காதைப் பற்றி ஆல்டர் ஃபோர்க்கில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். என்னுடையது சூயிங்கம் கதை. எங்கள் லூத்தரன் சர்ச் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில், தணிந்த குரலில் பாடும் ஆல்டோ பெண்கள் நடுவில், நான் நிற்பேன். ஒரு புதன்கிழமை ஒத்திகைக்கு, நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே ஓடி வந்ததில், வாயில் இருந்ததைத் துப்ப மறந்துவிட்டு அப்படியே ஒதுக்கிக்கொண்டு பாடினேன். இருபது பேருக்கு மேல் பாடிக்கொண்டிருந்த பாட்டை மெர்ல் நிறுத்தினார்.

“டார்லீன், அதைத் துப்பிட்டு வா.”

“எதை?”

“இடது கடைவாய்ல வச்சிருக்கியே, அதை.”

இடது என்பதை மட்டும் குத்துமதிப்பாகச் சொன்னதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். மீதியெல்லாம் காதில் விழுந்ததுதான். மளிகைக் கடையில் பால் வைத்திருக்கும் குளிர்பெட்டி சுருதி இறங்கி முனகுகிறது என்று கடைக்காரரிடமே போய்ச் சொன்னவர் அவர். கடைக்காரர் சிரித்தார். அந்த வாரக் கடைசியில் பெட்டியின் மோட்டார் படுத்துவிட்டது.

பிழைப்புக்கு அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவை நடத்துவதற்கு சர்ச்சில் பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. புதன்கிழமை ஒத்திகையும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும்தான் அவருக்குக் குடும்பம். எங்களை அவர் திட்டாத நாள் கிடையாது. அவர் திட்டியதால்தான் நாங்கள் பாடினோம். பாடும் ஒரு மணி நேரத்துக்காவது நாங்களும் உருப்படியான மனிதர்கள் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது என்றால் அது அவர் கொடுத்தது.

இனி டாலஃப்சன். வெளியூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, டாலஃப்சன் ஆம்ப்ளிஃபயர் என்றால் பாட்டுப் பைத்தியங்கள் எழுந்து நிற்பார்கள். வால்நட் மர முகப்பு, நடுவில் ஒற்றைப் பித்தளைக் குமிழ், தூக்க இரண்டு ஆள் வேண்டும். டல்லாஸ் பல் டாக்டரும் சியாட்டில் வக்கீலும் நல்ல காரை விற்றுவிட்டு அதை வாங்குவார்கள். செய்வது நாங்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள். என் வீட்டுக்காரர் ரோஜர் அங்கே சோதனை மேசையில் இருந்தார். முடிந்து வரும் ஒவ்வொரு பெட்டியையும் மீட்டரில் அளந்து பார்த்து, சரி என்று ஒட்டு ஒட்டி அனுப்புவது அவர் வேலை.

சில வருடங்களுக்கு முன்னால் டாலஃப்சன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கம்பெனியைக் கனெக்டிகட்டில் உள்ள ஒரு முதலீட்டுக் கும்பலுக்கு விற்றார்கள். வாசல் பலகை மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. டாலஃப்சன் இன்னும் பழைய டாலஃப்சன்தானா என்று வெளியூர்க்காரர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கை சுத்தமா என்று கேட்பது போல ஆகிவிடும்.

மெர்ல் குழுவை ஏற்று முப்பது வருடம் ஆனதற்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோது வேறு எதுவும் எங்கள் புத்தியில் உதிக்கவில்லை. எல்லோரும் பங்கு போட்டோம், கம்பெனியும் விலையைக் குறைத்துக் கொடுத்தது. அவர் வீட்டில் அவருடைய அப்பா வாங்கிய பழைய டாலஃப்சன் ஒன்று இருந்தது. புதியது வந்த வாரமே அதை டுலூத்தில் இருக்கும் அக்காள் மகனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நாங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பழையதையும் பக்கத்தில் வைத்திருந்தால் எங்கள் மனசு நோகுமாம். இந்தப் பாழாய்ப்போன மரியாதையில்தான் எல்லாமே தொடங்கியது.

முதல் நாள் நாங்கள் பத்துப் பேர் அவர் வீட்டு வரவேற்பறையில் காப்பியும் எலுமிச்சை கேக்கும் கையில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ரோஜர் ஒயர்களை மாட்டினார். மெர்ல் தனக்குப் பிடித்த ஒரு கோரஸ் ரிக்கார்டை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“வித்தியாசமா இருக்கு” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வித்தியாசமாக இருக்கிறது என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மாமியார் செய்த ஜெல்லி சாலடுக்கும் மருமகளின் புதுத் தலைமுடி வெட்டுக்கும் நாங்கள் சொல்வது அதுதான். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் தெரியாத மாதிரி கைதட்டினோம்.

மறுநாள் சர்ச் வாசலில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

“யார்கிட்டயும் சொல்லாதே. ரிக்கார்டுல அந்த உச்சக் குரல் சோப்ரானோ பொண்ணுங்க எல்லாம் பல்லுல அலுமினியத் தாளைக் கடிச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு.”

“ரோஜர்கிட்ட சொல்லட்டுமா?”

“சொன்னா அவன் மனசு கஷ்டப்படும். இருக்கட்டும், நானே பழகிக்கறேன்.”

நான் சொன்னேன். ரோஜர் சட்டென்று பதில் வைத்திருந்தார். “புதுப் பெட்டி அப்படித்தான் இருக்கும். முந்நூறு மணி நேரம் ஓடினாத்தான் வாய் திறக்கும். ஓட விடச் சொல்லு.”

இந்தப் பாட்டுப் பைத்தியங்களுக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. புதுப் பெட்டி நன்றாக இல்லையென்றால் பெட்டி சரியில்லை என்று எவனும் சொல்ல மாட்டான், இன்னும் ஓடவில்லை என்பான். மெர்லும் ஓட விட்டார். இலையுதிர் காலம் முழுக்க அவர் நடக்கப் போகும்போதும் மீன் பிடிக்கப் போகும்போதும் ஆளில்லாத வீட்டில் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துப் புதுத் தபால்காரன் கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போனான். பனிக்காலம் வந்து போயிற்று. சோப்ரானோக்கள் பல்லிலிருந்து தாளை எடுக்கவில்லை.

இதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. ஒவ்வொருவராக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, அற்புதம் என்றார்கள். வேறு எதைச் சொல்வார்கள்? அந்தப் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியவள் முதல் வரிசையில் நிற்கும் பெவர்லி. மரத்தைத் தேய்த்தவர் எங்கள் பேஸ் குரல்காரர். ஒருநாள் ஒத்திகையில் பெவர்லி வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

“மெர்ல், உங்களுக்கு வயசு என்ன ஆச்சு?”

“அறுபத்தேழு.”

“அப்போ பெட்டியை எதுக்குத் திட்டறீங்க? என் அப்பாவும் இப்படித்தான், டிவிக்காரன் முணுமுணுக்கறான்னு டிவியைத் திட்டுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றைக்கு பெவர்லியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன், வண்டி நிறுத்துமிடத்தில். அதற்குள் அந்தச் சொல் அவருக்குள் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் மாதத்தில் டாலஃப்சனில் மேசை நாள் என்று ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கு வெளியே கூடாரம் போட்டு, பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுட்டு, பீர் ஊற்றி, யார் எங்கிருந்து தங்கள் பெட்டியைக் கொண்டுவந்தாலும் இலவசமாக அளந்து தருவார்கள். டெக்சாஸிலிருந்து போர்வை சுற்றி, குழந்தையைப் போல சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவருவார்கள். அளவு தேறினால் பச்சை ஒட்டு, சுற்றி நிற்கும் கூட்டம் கைதட்டும். தேறாமல் போன பெட்டியை நான் பார்த்ததில்லை.

மெர்ல் தன் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, மூன்று தெரு தள்ளிக்கொண்டே வந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கெட்டது பெட்டியா, தன் காதா என்று தெரியவேண்டும். வரிசையில் என்னிடம் அப்படியே சொன்னார். “பெட்டியா இருந்தா நல்லா இருக்கும், டார்லீன். ஆனா அப்படி நினைக்கவே வெக்கமா இருக்கு.”

மேசையில் இருந்தவர் ரோஜர். ஒயரை மாட்டினார், மீட்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பச்சை ஒட்டை எடுத்து ஒட்டினார்.

“கல்லு மாதிரி இருக்கு, மெர்ல்” என்றார்.

கூட்டம் கைதட்டியது. மெர்ல் நன்றி சொன்னார். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனபோது அவர் நடை பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நடையாக இருந்தது. அவருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

அடுத்த மாதம் ஓ க்ளேர் நகருக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார். அந்த வயதில் யாரைச் சோதித்தாலும் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தேய்மானம் இருக்கும், இது வயசுக்கு ரொம்ப நல்ல காது என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னாள். கூடப் போன எனக்குக் காதில் விழுந்தது ‘ரொம்ப நல்ல காது’. அவருக்குக் காதில் விழுந்தது ‘தேய்மானம்’. காதுக் கருவி கட்டாயம் வேண்டுமென்றில்லை என்றாள். பிடிவாதமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்களை அவர் திட்டவில்லை. திட்டு நின்றதும் முதலில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு. பாட்டு முடிந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து “சரியா வந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார். நாங்கள் வந்தது என்போம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் சோப்ரானோக்கள் கடைசிப் பாட்டில் முழுசாகச் சுருதி சரிந்து விழுந்தார்கள். ஆர்கன் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். பஸ் ஓட்டுகிற எனக்கே காது கூசியது. மெர்ல் நெற்றியைச் சுருக்கினார், காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தொடர்ந்து கையை வீசினார்.

ஜனவரியில் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து, விலகிக்கொள்வதாகச் சொன்னார். காது கேட்காதவன் குழு நடத்துவது சபைக்கு மரியாதை இல்லை என்றார். நான் எழுந்து, உங்களுக்குக் காது கேட்காது என்று எந்த மடையன் சொன்னான் என்று கேட்டேன். கூட்டத்தில் அப்படிப் பேசக்கூடாதாம், ரோஜர் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பாஸ்டர் ஜானெல் மெர்லுக்காக ஜெபம் பண்ணினார். கேக் வெட்டினோம். உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் கைல் என்ற பையன் குழுவை ஏற்றுக்கொண்டான். நல்ல பையன்தான். எல்லாவற்றுக்கும் சூப்பர் என்பான்.

ஏப்ரலில் ரோஜர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிட ஏரிக்கரை உணவகத்துக்குப் போனோம். தட்டு வருவதற்குள் இரண்டு பிராந்தி குடித்துவிட்டார். அவர் குடிக்கிற வேகத்தைப் பார்த்ததும் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

“இனிமே என்னை அவங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்.

“யாரு?”

“கனெக்டிகட்காரங்க. வந்த முதல் வருஷமே பெட்டிக்குள்ள ஒரு சர்க்யூட் போர்டை மாத்தினாங்க. மலிவு சரக்கு. மேல் ஸ்தாயி பிசிறடிக்கும். மீட்டர்ல பளிச்சுன்னு தெரியும்.”

“அப்போ எப்படித் தேறுது?”

“தேறுற அளவையே தளர்த்திட்டாங்க, டார்லீன். பழைய அளவு இருந்திருந்தா பத்துல ஒண்ணுகூடத் தேறாது. வெளியூர்க்காரன் எவனாவது விடாம கத்தினா, சும்மா சுத்தம் பண்றோம்னு பெட்டியை வரவழைச்சு, நல்ல போர்டைப் போட்டு அனுப்பிடுவோம். வெளியே சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க.”

“நம்ம ஊர்ல?”

“நம்ம ஊர்ல எவன் கத்தினான்?”

மீன் வந்தது. நான் தொடவில்லை. “மெர்லோட பெட்டி” என்றேன்.

ரோஜர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேசை மேல வச்ச உடனே தெரிஞ்சுது.”

“அந்த மனுஷன் உன் முன்னால நின்னாரு. கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னே.”

“ஓய்வுக்கு எட்டு மாசம் இருந்துச்சு. சுத்தி அத்தனை பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு நான் வேற என்ன சொல்ல முடியும்?”

“அன்னிக்கு நடந்ததை விடு. மறுநாள் அவர் வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நம்ம வீட்லேருந்து நாலாவது வீடு. ஓ க்ளேர் போனப்போ சொல்லியிருக்கலாம். ஜனவரியில என் ஸ்வெட்டரைப் பிடிச்சு இழுத்தியே, அந்தக் கையாலயாவது எதையாவது எழுதிக் குடுத்திருக்கலாம்.”

“அவர் காதுல கருவி மாட்டிக்குவார்னு நான் என்னத்தைக் கண்டேன்?” என்றார்.

அந்த ஆளோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இன்றைக்கும் சமைத்துப் போடுகிறேன், சட்டை துவைக்கிறேன். பிடிக்காமல் போனது போனதுதான்.

மறு சனிக்கிழமை அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மெர்ல் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தொழிற்சாலைக்குள் இருக்கும் ஆள் ஒருவனிடம் சொல்லி ஒரு நல்ல போர்டை வாங்கி வந்திருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். முடிந்ததும் மெர்ல் கேட்டார்.

“ரோஜர், அது உனக்கும் கேட்டுச்சா?”

“இல்லை, மெர்ல். எனக்கு மீட்டர்லதான் தெரிஞ்சுது. தொழிற்சாலையில ஒருத்தனுக்கும் காதுல கேக்கல. நம்ம ஊர்லயே உனக்கு மட்டும்தான் கேட்டுச்சு.”

மெர்ல் எழுந்து ரோஜருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்தக் காப்பியை முகத்தில் ஊற்றியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

போர்டை மாற்றியதும் அதே ரிக்கார்டை வைத்தார். சோப்ரானோக்கள் தெளிந்த தண்ணீர் போல வந்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால் எனக்கு முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெர்லுக்குத் தெரிந்தது. பாதியில் காதுக் கருவிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மீதியைக் கேட்டார். கன்னம் நனைந்திருந்தது.

நான் அங்கிருந்து நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மெர்ல் குழுவுக்குத் திரும்பி வரலாமா என்று பாஸ்டர் கைலைக் கூப்பிட்டுக் கேட்டார். கைல் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “தாராளமா. நான் அவர்கிட்டப் பாட வரேன்” என்றான். பெவர்லி அழுதுகொண்டே மெர்லுக்கு போன் பண்ணினாள். ஊரே வெட்கப்பட்டது, ஆனால் கம்பெனி மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மேசை நாளுக்கு ஏற்பாடு தொடங்கியிருந்தது. வெளியூரில் எவனாவது டாலஃப்சன் இன்னும் அந்தப் பேருக்குத் தகுந்ததுதானா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பெட்டியைக் கெடுத்தது கூடப் பெரிய பாவமில்லை. ஒரு மனிதன் தன் காதைவிட நம்பும் அளவுக்கு ஒரு பேரைச் சம்பாதித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே அவனை அடித்ததுதான் பாவம்.

புதன்கிழமை மெர்ல் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். பேச்சு எதுவும் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, வழக்கமான ஒரு ஞானப்பாட்டை எடுத்தார். மூன்றாவது அடியில் சோப்ரானோக்கள் சுருதி இறங்கினார்கள். அவர் முகம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. கேட்டுவிட்டது. வாயைத் திறந்தார். இப்போது திட்டு விழப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் ஆசையாகக் காத்திருந்தோம்.

அவர் திட்டவில்லை. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“டார்லீன், இறங்கிச்சுதானே?”

“இறங்கிச்சு, மெர்ல். உங்களுக்குத்தான் கேட்டுச்சே.”

தலையாட்டினார். மறுபடி தொடங்கினோம். அடுத்த பக்கத்தில் ஆண்கள் வரிசையில் டெனார்கள் பிசகினார்கள். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் பெவர்லி முகத்தை. அப்புறம் கைல் முகத்தை. பாட்டு முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

“உங்க காது நல்லா இருக்கு. அதை இன்னும் எத்தனை பேர் வந்து சொல்லணும்?” என்றேன். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில்தான் சொன்னேன்.

“காதுக்கு ஒண்ணும் ஆகல, டார்லீன். அது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. நான்தான் யாராவது ஒருத்தர் மூஞ்சியைப் பார்க்காம அதை நம்ப மாட்டேங்கறேன். இதை வச்சுக்கிட்டு உங்க முன்னால நிக்கக் கூடாது.”

“கொஞ்ச நாள்ல சரியாயிடும். இப்போ உள்ள வாங்க.”

“நீ போ. ஆல்டோ குறையுது” என்றார், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கைல் சூப்பர், சூப்பர் என்று சொல்வது கேட்டது. மெர்ல் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை.